பாலைவனத்தில் முடங்கிய வல்லூறுகள்

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் உள்ளது டேவிஸ்-மோந்தன் விமானப்படைத் தளம். வறண்ட காற்றில் உலோகம் எளிதில் அரிக்காது என்பதால், ஓய்வு பெற்ற ராணுவ விமானங்களை நிறுத்திவைக்கும் இடம் அது. 1990களில் அந்தக் கிழடுகளுக்கு நடுவே 28 புத்தம்புது எஃப்-16 விமானங்களும் நின்றன. வாங்கியவர்: பாகிஸ்தான். கட்டிய பணம்: 65.8 கோடி டாலர். ஆனால் ஒன்றைக்கூட ஓட்டிச் செல்ல அனுமதியில்லை.

இத்தனைக்கும் இரு நாடுகளும் நெருங்கிய கூட்டாளிகள். ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் இருந்தவரை வாஷிங்டனுக்கு இஸ்லாமாபாத் தேவைப்பட்டது. 1983 முதல் 1987 வரை 40 எஃப்-16 விமானங்கள் தடையின்றி வந்து சேர்ந்தன. பாகிஸ்தானின் அணுகுண்டு முயற்சி அமெரிக்காவுக்குத் தெரியாத ரகசியமல்ல. 1985இல் வந்த பிரஸ்லர் சட்டத் திருத்தத்தின்படி, பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று அமெரிக்க அதிபர் ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும். இல்லையேல் உதவியும் ஆயுதமும் நிற்கும். பாகிஸ்தானை மடக்க வந்த சட்டம் என்று இது பேரெடுத்தாலும், இதைவிடக் கடுமையான ஒரு யோசனைக்கு மாற்றாக, உதவி தொடர வழி செய்யவே கொண்டுவரப்பட்டது. ரீகனும், அவருக்குப் பின் வந்த புஷ்ஷும் சான்றளித்தார்கள்.

1989 பிப்ரவரியில் சோவியத் படைகள் வெளியேறின. 1990 அக்டோபரில் புஷ்ஷுக்குச் சான்றளிக்க மனம் வரவில்லை!

வேடிக்கை இதற்குப் பிறகுதான். தடை வந்தும் தொழிற்சாலையில் வேலை நிற்கவில்லை. என்றாவது விமானம் வரும் என்ற நம்பிக்கையில் பாகிஸ்தானும் தவணை கட்டிக்கொண்டிருந்தது. கையிலிருந்த எஃப்-16களுக்கோ உதிரி பாகத் தட்டுப்பாடு. ஆஸ்திரேலியா கழித்துக்கட்டிய 50 மிராஜ் விமானங்களை வைத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. 1995இல் பிரவுன் திருத்தம் தடையைக் கொஞ்சம் தளர்த்தி, 36.8 கோடி டாலர் தளவாடங்களை விடுவித்தது. எஃப்-16 மட்டும் அதில் இல்லை.

கடைசியில் 1998 டிசம்பரில் கணக்கு தீர்க்கப்பட்டது. ரொக்கமாக 32.46 கோடி டாலர். மீதியில் ஒரு பகுதிக்குக் கோதுமை உள்ளிட்ட பொருட்கள். போர் விமானத்துக்குப் பணம் கட்டிய நாட்டுக்குக் கோதுமை மூட்டை! அந்த விமானங்களைக் குத்தகைக்கு எடுக்க நியூசிலாந்து முன்வந்தது. அங்கே ஆட்சி மாறி, 2000இல் அதுவும் ரத்தானது. பிறகு சில விமானங்கள் அமெரிக்கக் கடற்படையின் பயிற்சியில் 'எதிரி' வேடம் கட்டின.

1998 அணுகுண்டு சோதனைக்குப் பின் இந்தியாவும் இதை அனுபவித்தது. இலகு ரகப் போர் விமானத்துக்காக அமெரிக்க நிறுவனத்துடன் நடந்த கூட்டு வேலை நின்றுபோனது. 2001 ஜனவரியில்தான் அது முதன்முறையாகப் பறந்தது.

அதே ஆண்டு செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவுக்கு மீண்டும் பாகிஸ்தான் தேவைப்பட்டது. தடைகள் விலகின. 2006இல் 18 புதிய எஃப்-16களுக்கு ஒப்பந்தமானது. ஆனால் அதற்குள் பாகிஸ்தான் சீனாவுடன் சேர்ந்து ஜேஎஃப்-17 விமானத்தை உருவாக்கி, 2003இலேயே பறக்கவிட்டிருந்தது.