பழைய நாயனம் வாங்குவோர் கவனத்திற்கு

பெங்களூரில் நம் வீட்டுக் கல்யாணம் எந்தப் பேட்டையில் நடந்தாலும் முகூர்த்த நேரத்தில் கெட்டிமேளம் கேட்டாக வேண்டும். கன்னட அன்பர்களுக்கும் அப்படித்தான். அவர்கள் அதை ‘ஓலக’ என்பார்கள். ஆனால் நம் பிள்ளைகளில் ஒருவன் நாகசுரம் கற்க ஆசைப்பட்டால், வாத்தியத்துக்கு எங்கே போவது? ஊரில் யாரோ ஒரு வித்வான் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய நாயனத்தைத்தான் பெரியவர்கள் நினைப்பார்கள். நன்கு உலர்ந்த பழைய ஆச்சா மரம், நாதம் கணீரென்று இருக்கும் என்பார்கள். அதில் உண்மை உண்டு. சிக்கலும் உண்டு.

சிக்கல் மத்திமத்தில் இருக்கிறது. பழைய அமைப்பில் கடைந்த குழலில் மத்திமத்தை இயல்பாக ஊதினால் சுத்த மத்திமமும் வராது, பிரதி மத்திமமும் வராது. நடுவில் எங்கோ நிற்கும். கல்யாணிக்கு அதை ஏற்ற வேண்டும், தோடிக்கு இறக்க வேண்டும். எல்லாம் மூச்சாலும், சீவாளியை உதட்டில் பிடிக்கும் பிடியாலும்தான். தோடி என்றாலே நினைவுக்கு வரும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாழ்நாளின் பெரும்பகுதி இந்தக் குழலோடுதான் மல்லுக்கட்டினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்திமம் பிசகாத நாகசுரத்தை அவருக்காகச் செய்து முடித்தது 1955-ல். மறு ஆண்டு டிசம்பரில் பிள்ளை காலமானார். அவருடைய பழைய இசைத்தட்டுத் தோடியை இந்த விவரத்தோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள்!

மேல்நாட்டு வாத்தியங்களிலும் இந்தக் கதை உண்டு. 1835-ல் பெர்லினில் காப்புரிமை பெற்ற டியூபாவில், முதல் வால்வையும் மூன்றாம் வால்வையும் சேர்த்து அழுத்தினால் சுரம் ஏறிவிடும். ஊதுபவர் குழாயைச் சற்று வெளியே இழுத்துச் சமாளிப்பார். நம் வித்வான்களுக்கு இழுக்கக் குழாய் இல்லை. மெழுகு உண்டு. ஏழு விரல் துளைகளுக்குக் கீழே உள்ள ஐந்து துளைகளில் மெழுகு அடைத்துச் சுருதியைச் சரிப்படுத்துவது வழக்கம்.

வாங்கப் போகும்போது பையனின் ஆசிரியரையும், அவர் வாசித்துப் பழகிய சீவாளிகள் இரண்டையும் அழைத்துப் போங்கள். சீவாளி சரியில்லாவிட்டால் நல்ல குழலும் கெட்ட பெயர் வாங்கும். மின் சுருதிப்பெட்டியும் கையில் இருக்கட்டும். நம் பெங்களூர் ஜி. ராஜ்நாராயணின் ராடெல் பெட்டி பல வீடுகளில் உண்டு. முதலில் சட்ஜமும் பஞ்சமமும் சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவையே சேராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சேர்ந்தால் மத்திமம், அதன்பின் மேல்ஸ்தாயி. உலவில் விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும் நீண்ட பாரியா, நாலு கட்டைக்கு மேல் போகும் குட்டைத் திமிரியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்று கச்சேரிக்குப் பாரிதான்.

மத்திமம் மட்டும் சண்டித்தனம் செய்தால்? துளையை அரத்தால் அகலமாக்க யாரையும் விடாதீர்கள். அகலமாக்கினால் சுரம் ஏறும், இறங்காது. போன மரமும் திரும்பாது. ஆரம்பப் பாடத்துக்கு இந்தக் குழல் வேண்டாம் என்பதே என் கருத்து. மூச்சு பழகாத பிள்ளை, தவறு தன்னுடையதா வாத்தியத்துடையதா என்று தெரியாமல் அழுதுவிடுவான். அவனுக்கு நரசிங்கம்பேட்டையில் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற ஊர், கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில்தான். தாத்தாவின் குழலை விற்காமல் துணி சுற்றி வையுங்கள். நாலைந்து வருஷம் கழித்துத் தோடி பாடமாகும்போது அவனே கேட்டு எடுப்பான்.