கம்ப்யூட்டருக்கும் காற்று வேண்டும்!

ஓசூரில் குளிர்ந்த காற்றை அனுபவித்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர், கிருஷ்ணகிரியைத் தாண்டி மத்தூரில் இறங்கும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரும் அதே பீடபூமியில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில் உள்ள மத்தூரோ, அதைவிடப் பல நூறு மீட்டர் தாழ்ந்த பூமி. சித்திரை, வைகாசியில் இங்கே வெயில் 100 டிகிரியைத் தொடுவது புதிதல்ல.

மனிதருக்குத் தெரிகிற இந்த வித்தியாசம் கம்ப்யூட்டருக்கும் தெரியும்!

கம்ப்யூட்டரை முழுசாக விலைக்கு வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. பெங்களூர் எஸ்.பி. ரோடும், சென்னை ரிட்சி தெருவும் இந்தச் சாமான்களுக்குப் பேர்போனவை. பிராசஸர், மதர்போர்டு, மெமரி என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறவர், விசிறிக்கு வரும்போது மட்டும், “ஏதோ ஒன்று கொடுங்கள் அண்ணா” என்று சொல்லிவிடுகிறார்.

கோடையில் அதற்குத் தண்டனை கிடைக்கிறது. ஒரு கலியாண வீடியோவைத் தொகுக்கும்போது யந்திரம் திடீரென்று மந்தமாகிறது. சில சமயம் அணைந்தே போகிறது. “மெமரி போதவில்லை” என்பார் ஒருவர். “வைரஸ் புகுந்துவிட்டது” என்பார் இன்னொருவர். புது மெமரிக்குப் பணம் செலவாகும், நோய் தீராது. ஏனென்றால் நோய் வேறு. அதன் பெயர் சூடு!

குண்டு பல்பும் சின்னஞ்சிறு சில்லும்

கம்ப்யூட்டர் சாப்பிடுகிற மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளிவருகிறது. எரிந்துகொண்டிருக்கும் பழைய 60 வாட் குண்டு பல்பைக் கையால் தொட முடியுமா? சாதாரணப் பிராசஸர் ஒன்று மும்முரமாக வேலை செய்யும்போது அதே அளவு சூடு, விரல் நகத்தைப் போல ஓரிரு மடங்கு பரப்புள்ள ஒரு சில்லில் பிறக்கிறது. பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தால் 200 வாட்டுக்கு மேலும் போகும்.

இந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளச் சில்லின் தலைமேல் உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘ஹீட் சிங்க்’ என்று அதற்குப் பெயர். தகடுகள் சூட்டைக் காற்றிடம் கொடுக்கின்றன. சூடேறிய காற்றைத் தள்ளிவிட்டுப் புதுக் காற்றைக் கொண்டுவருவது விசிறியின் வேலை.

இங்கே ஒரு கணக்கை மறக்கக் கூடாது. விசிறி எதையும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஆக்குவதில்லை. அது செய்வதெல்லாம், சில்லின் சூட்டை அறையின் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவர முயல்வதுதான்.

உதாரணமாக, 25 டிகிரி சென்டிகிரேடு உள்ள பெங்களூர் அறையில் ஒரு பிராசஸர் கடும் வேலையின்போது 75 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது அறையைவிட 50 டிகிரி அதிகம். அதே பெட்டியை 38 டிகிரி உள்ள மத்தூர் அறைக்குக் கொண்டுவந்தால் 50-உடன் 38-ஐக் கூட்ட வேண்டியதுதான். சுமார் 88 டிகிரி! தகடுகளில் தூசி அடைத்துக்கொண்டால் இன்னும் பத்து டிகிரி ஏறினாலும் ஆச்சரியமில்லை.

இன்றையப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 95 அல்லது 100 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் அவை தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடுகின்றன. யந்திரம் மந்தமானதற்குக் காரணம் இதுதான். அது சோம்பலல்ல, தற்காப்பு.

சூடு ஆயுளையும் தின்கிறது. கம்ப்யூட்டரிலும் அதற்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையிலும் உள்ள ‘எலெக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்’ என்ற உறுப்புக்கு, உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது எஞ்சினீயர்களின் கணக்கு.

பிறந்த நாள் முதல் இதே பாடு

கம்ப்யூட்டருக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. அமெரிக்காவில் 1946-இல் உலகுக்குக் காட்டப்பட்ட ‘எனியாக்’ யந்திரத்தில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அது தின்ற மின்சாரம் சுமார் 150 கிலோவாட். பெரிய ஊதுவிசிறிகள் இல்லாமல் அதனால் ஓட முடியவில்லை.

நமது நாட்டிலும் சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டரைக் கட்டிய கதை உண்டு. பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1960-இல் இயங்கத் தொடங்கிய அந்த யந்திரத்துக்கு 1962-இல் ‘டிஃப்ராக்’ என்று பெயர் வைத்தவர் பிரதமர் நேரு. அதில் சுமார் 2,700 வால்வுகள். ஒவ்வொரு வால்வுக்குள்ளும் ஒரு கம்பி தகதகவென்று சூடாகிக்கொண்டே இருக்க வேண்டும்! அந்த வேலைக்குத் தலைமை வகித்த ஆர். நரசிம்மன் சென்னையில் பிறந்தவர். கிண்டி எஞ்சினீரிங் கல்லூரியில் படித்தவர்.

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. டிரான்சிஸ்டர்கள் கோடிக்கணக்கில் ஒரே சில்லில் குடியேறின. சூடு மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. 1980-இல் ஆப்பிள் கம்பெனி ‘ஆப்பிள் 3’ என்ற யந்திரத்தை விசிறியே இல்லாமல் செய்தது. உலோகப் பெட்டியே சூட்டை வெளியேற்றிவிடும் என்பது எண்ணம். யந்திரங்கள் அடிக்கடி பழுதாகிப் பேர் கெட்டது. சூடும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது.

முன்வாசலும் கொல்லைவாசலும்

“இன்னும் இரண்டு விசிறி போட்டால் சரியாகுமா, அண்ணா?” என்று கேட்பவர்கள் உண்டு. விசிறிகளின் எண்ணிக்கை முக்கியமல்ல. காற்றின் பாதைதான் முக்கியம். நமது பழைய வீடுகளில் முன்வாசலையும் கொல்லைவாசலையும் திறந்து வைத்தால் காற்று தானாக ஓடும். ஒரு வாசலை மூடிவிட்டு எத்தனை விசிறி சுழன்றாலும் புழுக்கம் போகாது.

பெட்டிக்கும் அதே விதிதான். முன்பக்கத்தில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வர வேண்டும். பின்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் சூடான காற்று வெளியே போக வேண்டும். பல வீடுகளுக்கு முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று விசிறிகள் போதும். உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சற்று அதிகமாக இருப்பது நல்லது. அப்போது இண்டு இடுக்குகள் வழியாகத் தூசி உறிஞ்சப்படாது.

விசிறி எந்தப் பக்கம் ஊதும் என்று எப்படித் தெரியும்? பல விசிறிகளின் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லாவிட்டால், நடுவில் உள்ள மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கைகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, அந்தப் பக்கம் காற்று வெளிவரும். திருப்பிப் பூட்டிய ஒரு விசிறி, மற்ற இரண்டின் உழைப்பையும் கெடுத்துவிடும்!

மூன்று கம்பி, நான்கு கம்பி

கம்ப்யூட்டர் விசிறி 12 வோல்ட்டில் ஓடுவது. அதன் சொருகியில் மூன்று அல்லது நான்கு துளைகள் இருக்கும்.

மூன்று கம்பி விசிறியில் ஒரு கம்பி தரை, ஒன்று 12 வோல்ட். மூன்றாவது கம்பி ஒற்றன்! விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு துடிப்புகளை அனுப்பி, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று மதர்போர்டுக்குச் சொல்கிறது. இந்த விசிறியின் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் வோல்ட்டைக் குறைக்க வேண்டும். மிகவும் குறைத்தால் விசிறி கிளம்பாமல் நின்றுவிடும்.

நான்கு கம்பி விசிறிக்கு 12 வோல்ட் எப்போதும் முழுதாகக் கிடைக்கிறது. நான்காவது கம்பி வழியாக மதர்போர்டு ‘ஓடு, நிறுத்து’ என்று விநாடிக்குச் சுமார் 25,000 தடவை கட்டளை போடுகிறது. ‘ஓடு’ என்பது நீண்டால் வேகம் கூடும். ‘நிறுத்து’ நீண்டால் குறையும். ‘பி.டபிள்யூ.எம்.’ என்று சொல்வது இதைத்தான். மெதுவாகவும் நிதானமாகவும் ஓட வைக்க இதுவே சிறந்த முறை.

நான்கு ஊசி உள்ள இடத்தில் மூன்று கம்பி விசிறியையும் சொருகலாம். ஆனால் அப்போது ‘பயாஸ்’ என்ற அமைப்புப் பக்கத்துக்குப் போய், அந்த இடத்தை ‘டி.சி.’ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் விசிறி எப்போதும் முழு வேகத்தில் இரையும்.

பிராசஸரின் தலையில் உள்ள விசிறியை ‘சி.பி.யூ. ஃபேன்’ என்று எழுதிய இடத்தில்தான் சொருக வேண்டும். அங்கே விசிறி இல்லையென்றால் பல மதர்போர்டுகள் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பெட்டி விசிறிகளுக்குத் தனி இடங்கள் உண்டு.

இடம் போதாவிட்டால் ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று விசிறிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கம்பி கிடைக்கிறது. ஆனால் இதில் ஜாக்கிரதை வேண்டும். பல மதர்போர்டுகளில் ஓர் இடத்துக்கு ஓர் ஆம்பியர்தான் எல்லை. விசிறிகளில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர்களைக் கூட்டிப் பார்த்து, எல்லைக்குள் இருந்தால் மட்டுமே சொருகலாம். பேராசைப்பட்டால் மதர்போர்டே கருகும். அதிக விசிறிகள் இருந்தால், மின்சாரத்தை நேரே பவர் சப்ளையிலிருந்து எடுத்துக்கொண்டு, வேகக் கட்டளையை மட்டும் மதர்போர்டிலிருந்து வாங்கும் ‘ஹப்’ என்ற பெட்டியே தக்கது.

வேகம் என்ற விஷயம்

விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகிறது. ஆனால் அது தின்னும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிறது. இரைச்சலும் பெருமளவு அடங்குகிறது. அதனால்தான் ஒரு சின்ன விசிறி தலைதெறிக்க ஓடுவதைவிட, 120 மில்லிமீட்டர் விசிறிகள் நிதானமாக ஓடுவது மேல்.

எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்று பயாஸில் ஒரு கோடு வரைந்து வைக்கலாம். பெங்களூர் நண்பரின் கோட்டை அப்படியே காப்பியடிப்பதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. அவருடைய கோடு 60 டிகிரியில் முழு வேகம் என்று இருந்தால், மத்தூர் கோடையில் விசிறிகள் நாள் முழுவதும் அலறும். சத்தம் வேண்டாமென்று 85 டிகிரி வரை மெதுவாகவே ஓடவிட்டிருந்தால், யந்திரம் எல்லையை முட்டி மந்தமாகும்.

மத்தூருக்கு ஏற்ற கோடு நடுவில் இருக்கிறது. உதாரணமாக, 50 டிகிரி வரை நூற்றுக்கு 40 பங்கு வேகம். 70-இல் 70 பங்கு. 85-இல் முழு வேகம். பிராசஸரின் சூடு நிமிஷத்துக்குப் பத்துத் தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் விசிறியும் கூடவே கத்தாமலிருக்க, சில விநாடிகள் பொறுத்து மாறும்படி வைக்கும் வசதியும் பல பயாஸ்களில் உண்டு.

கருங்கல் குவாரிகளுக்குப் பேர்போன மாவட்டம் இது. தூசிக்குப் பஞ்சமில்லை! காற்று நுழையும் இடத்தில் வலை வேண்டும். மாதம் ஒரு முறை அதைத் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். தகடுகளை ஊதும்போது யந்திரத்தை அணைத்துவிட்டு, இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்வது அவசியம். ஊதுகிற வேகத்தில் விசிறி கண்டபடி சுழன்றால் அதன் பேரிங் கெட்டுவிடும்.

விசிறிக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். அது காப்பாற்றுவதோ, பல மாதச் சேமிப்பில் வாங்கிய யந்திரத்தை. யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? பெட்டியை மூடுவதற்கு முன் ஒரே ஒரு பரீட்சை போதும். மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், சித்திரை மாதத்துப் பகல் 2 மணிக்கு, யந்திரத்துக்கு அரைமணி நேரம் கடும் வேலை கொடுத்துச் சூட்டைப் பார்க்க வேண்டும். அதில் 85 டிகிரிக்குள் நின்றுவிட்டால், மற்ற பதினோரு மாதமும் கவலையில்லை!