மாடியில் வீடு... கீழே மளிகைக் கடை!

ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த மளிகைக் கடை திறக்காது. எவ்வளவு வியாபாரம் போனாலும் சரி, முதலாளி அசைந்து கொடுக்க மாட்டார். அன்று அவர் குடும்பத்துக்குத் தேவாலயம்தான் எல்லாம். பிள்ளைகளுக்கு விளையாட்டுகூடக் கிடையாது.

அந்தக் கடைக்காரரின் இளைய மகள் பின்னாளில் ஒரு நாட்டின் பிரதமரானார். ஞாயிற்றுக்கிழமையும் கடைகளைத் திறக்கலாம் என்று சட்டம் கொண்டுவர முயன்றதும் அவர் அரசுதான்!

மகளின் பெயர் மார்கரெட் தாட்சர். பிரிட்டனின் முதல் பெண் பிரதமர். தன் அரசியலுக்கு அடிப்படை எது என்று கேட்டவர்களுக்கு அவர் பெரும்பாலும் சுட்டிக்காட்டியது தன் அப்பாவின் மளிகைக் கடையைத்தான். அவரைக் கொண்டாடுகிறவர்களும் திட்டித் தீர்க்கிறவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவார்கள்... அந்தக் கடையைத் தெரிந்துகொள்ளாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது.

ஆசிரியர் ஆக நினைத்தவர்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் இருக்கிறது கிரான்தம். லண்டனிலிருந்து வடக்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான பயணம். விஞ்ஞானி ஐசக் நியூட்டன் படித்த பள்ளி இந்த ஊரில்தான் இருக்கிறது. அதை விட்டால், சந்தையும் தொழிற்சாலைகளும் கொண்ட சாதாரணச் சிற்றூர்.

ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் இந்த ஊர்க்காரர் அல்ல. 1892-ல் நார்த்தாம்ப்டன்ஷயர் கிராமம் ஒன்றில், செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால், வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. 13 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். கடைகளில் வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்டு, கிரான்தமில் ஒரு மளிகைக் கடைக்கு வந்து சேர்ந்தார். அங்குதான் பியாட்ரிஸைச் சந்தித்தார். அவர் சொந்தமாகத் தையல் தொழில் செய்துவந்தவர். 1917-ல் இருவருக்கும் திருமணம்.

கணவனும் மனைவியும் சிக்கனமாக வாழ்ந்து பணம் சேர்த்தார்கள். 1919-ல் நார்த் பரேட் என்ற தெருமுனையில் இருந்த கடையை ஆல்ஃபிரட் வாங்கினார். கீழே கடை, மாடியில் வீடு. மூத்த மகள் மூரியல் 1921-லும், இளைய மகள் மார்கரெட் 1925 அக்டோபர் 13-லும் அந்த மாடியில்தான் பிறந்தார்கள். 1923-லேயே ஊருக்குள் இரண்டாவது கடையும் வந்துவிட்டது.

கையில் காசு வந்த பிறகும் வீட்டில் குளியலறை கட்டவில்லை. குழாயில் வெந்நீர் வராது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே.

மூட்டையிலிருந்து பொட்டலத்துக்கு

அந்தக் காலத்தில் இங்கிலாந்திலும் மளிகைச் சாமான்கள் பாக்கெட்டில் வராது. சர்க்கரை மூட்டையில் வரும். டீத்தூள் பெட்டியில் வரும். பிஸ்கட் பெரிய டின்களில் வரும். எல்லாவற்றையும் தராசில் நிறுத்து, ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு என்று பைகளில் கட்டி வைக்க வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் மார்கரெட்டுக்கு இதுதான் வேலை. பன்றி இறைச்சியைக் கடைக்குப் பின்கட்டில் தொங்கவிட்டிருப்பார்கள். கேட்பவருக்குக் கேட்ட கனத்தில் சீவித் தர வேண்டும். மசாலாப் பொருள்களுக்கென்று பித்தளைக் கைப்பிடி வைத்த மர இழுப்பறைகள் வரிசையாக இருந்தன.

கடையோடு சேர்ந்து ஒரு சின்ன தபால் நிலையமும் இருந்தது. ஸ்டாம்ப் வாங்க வருபவர், மணியார்டர் அனுப்ப வருபவர், அப்படியே அரை பவுண்டு வெண்ணெயும் வாங்கிப் போவார். ஊரில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் இருக்காது. இந்த விஷயத்தில் நம் ஊர் அண்ணாச்சி கடைக்கும் அந்தக் கடைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை!

கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு எங்கும் போக முடியாது. கோடை விடுமுறைக்கு அம்மாவும் மகள்களும் ஒரு வாரம் கடற்கரை ஊருக்குப் போவார்கள். அவர்கள் திரும்பிய பிறகு வேறொரு வாரத்தில்தான் அப்பா போவார்.

அந்த டீயும் காபியும் மசாலாவும் எங்கெங்கோ இருக்கும் நாடுகளிலிருந்து வந்தவை. கிரான்தம் தெருமுனைக்கு இதையெல்லாம் கொண்டுவந்து சேர்ப்பது வியாபாரம்தான் என்பதைச் சிறுமியாக இருந்தபோதே புரிந்துகொண்டதாகப் பின்னாளில் தாட்சர் சொன்னார். இந்தியா மீது ஈர்ப்பும் அப்போதே வந்துவிட்டது. ஐ.சி.எஸ் அதிகாரியாகி இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று அப்பாவிடம் ஆசையைச் சொல்லியிருக்கிறார். 'நீ பெரியவள் ஆகும்போது ஐ.சி.எஸ் இருக்குமா என்பதே சந்தேகம்' என்ற பொருளில் பதில் சொன்னாராம் அப்பா. அவர் சொன்னதுதான் நடந்தது.

கணக்கில் வராதவை

ஆல்ஃபிரட் கணக்கில் கறாரானவர். வரவுக்கு மேல் செலவு கூடாது, கடன் ஆகாது. எதையும் 'மற்றவர்கள் செய்கிறார்கள்' என்பதற்காகச் செய்யக் கூடாது. இதுதான் அவர் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம். ஆனால், அந்தக் கடையில் கணக்கு நோட்டில் ஏறாத விஷயங்களும் இருந்தன.

13 வயதில் விட்ட படிப்பை ஆல்ஃபிரட் ஊர் நூலகத்தில் தொடர்ந்தார். சனிக்கிழமை தோறும் அப்பாவுக்கான கனமான புத்தகத்தையும், அம்மாவுக்கான நாவலையும் நூலகத்திலிருந்து எடுத்து வருவது மார்கரெட்டின் பொறுப்பு. அப்பா படித்து முடித்ததை மகளும் படிப்பாள். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

1930-களில் இங்கிலாந்திலும் வேலையின்மை வாட்டியது. உதவித்தொகைக்காக மக்கள் வரிசையில் நிற்பதைப் பள்ளிக்குப் போகும் வழியில் மார்கரெட் பார்த்தார். பியாட்ரிஸ் வாரத்துக்கு இரண்டு முறை ரொட்டியும் கேக்கும் சுடுவார். கூடுதலாகச் சுட்டு, கஷ்டப்படும் வீடுகளுக்குச் சத்தம் இல்லாமல் அனுப்பிவிடுவார். வாங்குபவர் கூச்சப்படக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்கள்.

1938-ல் ஆஸ்திரியாவை ஹிட்லர் பிடித்தபோது, வியன்னாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மூரியலின் பேனா நண்பியான யூதப் பெண்ணின் வீட்டிலிருந்து வந்த கடிதம் அது. மகளை மட்டுமாவது காப்பாற்ற முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஆல்ஃபிரட்டின் வீட்டில் அவளை முழுநேரமும் வைத்துக்கொள்ள வசதி இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளூர் ரோட்டரி சங்கத்துக்குப் போனார். உறுப்பினர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்ய, அந்தப் பெண் கிரான்தம் வந்தாள். முறைவைத்துப் பல வீடுகளில் தங்கினாள், மளிகைக் கடையின் மாடியிலும் சில காலம் இருந்தாள்.

கூப்பன் காலம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940 ஜனவரி 8 அன்று பிரிட்டனில் ரேஷன் தொடங்கியது. முதலில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி. அதே ஆண்டில் டீத்தூளும் சேர்ந்தது. ஒருவருக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ், அதாவது சுமார் 57 கிராம் டீத்தூள்தான்! ஒவ்வொரு குடும்பமும் தனக்குப் பிடித்த கடையில் பதிந்துகொண்டு, அங்கேதான் வாங்க வேண்டும். இதனால் மளிகைக் கடைக்காரர் வியாபாரியாக மட்டும் இல்லாமல், அரசாங்கத்தின் பங்கீட்டு ஆளாகவும் ஆனார். கூப்பன் சரியாக இருக்கிறதா, நிறுவை சரியாக இருக்கிறதா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்.

கிரான்தமில் ஆயுதத் தொழிற்சாலை இருந்ததால் ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசின. கடை வீட்டில் பதுங்கு குழி தோண்டத் தோட்டம் இல்லை. விமானச் சத்தம் கேட்டால் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்வார்கள். மார்கரெட் வீட்டுப்பாடம் எழுதியதும் சில இரவுகளில் அந்த மேஜைக்கு அடியில்தான். 1943-ல் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படிக்கப் போனார்.

அப்பாவும் ஊரில் உயர்ந்துகொண்டிருந்தார். 1927-ல் நகரமன்ற உறுப்பினர். 1943-ல் 'ஆல்டர்மேன்' எனும் மூத்த உறுப்பினர். 1945-46-ல் கிரான்தமின் மேயர்!

அங்கியைக் கழற்றிய நாள்

1952-ல் நகரமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த தொழிற்கட்சியினர், ஆல்ஃபிரட்டை ஆல்டர்மேன் பதவியிலிருந்து இறக்கிவிட்டுத் தங்கள் ஆளை அமர்த்தினார்கள். கால் நூற்றாண்டு ஊருக்கு உழைத்தவர், தன் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாக வெளியேறினார். 33 ஆண்டுகள் கழித்து, 1985-ல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதைச் சொல்லும்போது 'இரும்புப் பெண்மணி' கண் கலங்கினார்.

மகள்கள் இருவரும் கடைப் பக்கம் திரும்பவில்லை. 1950-களின் இறுதியில் ஆல்ஃபிரட் கடையை விற்றுவிட்டு ஓய்வு பெற்றார். 1959-ல் மகள் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1970 பிப்ரவரியில் அப்பா காலமானார். நான்கே மாதங்களில் மகள் கல்வி அமைச்சர். அதைப் பார்க்க அவர் இல்லை.

1979 மே 4 அன்று பிரதமர் இல்லத்தின் வாசலில் நின்ற மார்கரெட் தாட்சர், தன்னிடம் இருக்கும் எல்லாமே கிட்டத்தட்ட அப்பா தந்தது என்றார்.

நாடும் ஒரு மளிகைக் கடையா?

வரவுக்குள் செலவு செய்யும் குடும்பத் தலைவிபோல நாட்டையும் நடத்த வேண்டும் என்பது தாட்சரின் வாதம். 'வீட்டுக் கணக்கு வேறு, நாட்டுக் கணக்கு வேறு. வீடு செலவைக் குறைத்தால் பணம் மிஞ்சும். நாடே ஒரே நேரத்தில் செலவைக் குறைத்தால் எல்லோருடைய வருமானமும் குறையும்' என்பது எதிர்த்தவர்களின் வாதம். 1981-ல் 364 பொருளாதார அறிஞர்கள் அவருடைய கொள்கையை எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1980-ல் 18 சதவிகிதமாக இருந்த பணவீக்கம் 1983-ல் 5 சதவிகிதத்துக்குக் கீழ் வந்தது. ஆனால், 1982 தொடக்கத்திலேயே வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சுரங்க ஊர்கள் பல இன்றும் அவரை மன்னிக்கவில்லை.

சின்னக் கடைகளின் கதை என்ன ஆனது? முன்பெல்லாம் பொருளைத் தயாரிப்பவர் வைத்த விலைதான் எல்லாக் கடைகளிலும். 1964-ல் பழமைவாதக் கட்சி அரசு அந்த முறையை ஒழித்தது. பெரிய கடைகள் விலையைக் குறைத்து வாடிக்கையாளரை இழுக்கலாம் என்றானது. தெருமுனைக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். கட்சிக்குள்ளேயே பலர் எதிர்த்தார்கள். அந்த அரசில் தாட்சர் இளநிலை அமைச்சர்! வாடிக்கையாளருக்கு விலை குறைந்தது. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் வளர்ந்தன. ஆல்ஃபிரட் நடத்தியதைப் போன்ற கடைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

1986-ல் வந்தது ஞாயிற்றுக்கிழமைச் சட்டம். தேவாலயங்களும் கடை ஊழியர் சங்கமும் கைகோத்து எதிர்த்தன. தாட்சரின் சொந்தக் கட்சியினரே 70-க்கும் மேற்பட்டோர் மாற்றி வாக்களிக்க, 296-க்கு 282 என்ற கணக்கில் மசோதா தோற்றது. அசைக்க முடியாத பெரும்பான்மை வைத்திருந்த பிரதமருக்கு அது அபூர்வமான தோல்வி. அவர் பதவி விலகிய பிறகு, 1994-ல்தான் இங்கிலாந்தில் பெரிய கடைகளின் கதவுகள் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்தன.

ஆல்ஃபிரட்டின் கடையில் இரண்டு பாடங்கள் இருந்தன. ஒன்று, கல்லாவில் கற்ற கணக்கு. இன்னொன்று, கணக்கு பார்க்காமல் அனுப்பிய ரொட்டிக் கூடை, எதற்காகவும் திறக்காத ஞாயிற்றுக்கிழமைக் கதவு. முதல் பாடத்தைச் சட்டமாக்கி நாடு முழுவதும் கொண்டுபோக முடிந்தது. இரண்டாவதைச் சட்டத்தால் கொண்டுபோக முடியாது. முகம் தெரிந்த ஊரும், 'அந்த வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை' என்று தெரிந்த கடைக்காரரும் அதற்கு வேண்டும்.

நார்த் பரேட் முனையில் அந்தச் செங்கல் கட்டடம் இன்றும் இருக்கிறது. விற்ற பிறகு உணவகம், உடல்நலச் சிகிச்சை மையம் என்று பல கைகள் மாறிவிட்டது. 'பிரிட்டனின் முதல் பெண் பிரதமர் பிறந்த இடம்' என்று சுவரில் ஒரு பலகை சொல்கிறது. தராசு பிடித்து அவரை வளர்த்த மனிதரின் பெயர் அந்த வாசகத்தில் இல்லை.