சாத்துக்குடி என்று வைத்த ஒட்டுக்கன்று புளித்ததேன்?

கிராம அதிகாரி ஒருவர் "சாத்துக்குடி" என்ற பெயர்ச்சீட்டோடு வாங்கிய ஒட்டுக்கன்றொன்றைத் தம் கொல்லையில் நட்டு ஆறாண்டுகள் பேணி வந்தார். மரம் செழித்தது; கனிகளோ மேடுபள்ளமான தடித்த மஞ்சள் தோலுடன், வாயில் வைக்கவொண்ணாப் புளிப்பாயிருந்தன. எருக் குறைவென்று நான் முதலில் கூறியது தவறு. எருவினால் இனம் மாறுமோ? "ஐயா, ஏமாற்றிவிட்டார்கள். வெட்டிவிடட்டுமா?" என்றார் அவர்.

மறுமுறை சென்று இலையைப் பார்த்தேன். சாத்துக்குடியின் இலைக்காம்பில் இருபுறமும் குறுகிய சிறகு போன்ற விளிம்பு உண்டு. இதில் அஃது இல்லையென்றே சொல்லலாம். (பம்பளிமாசில் அச்சிறகு மிக அகன்றிருக்கும்.) இளந்தளிரிலும் மொட்டிலும் ஊதா படர்ந்திருந்தது, சாத்துக்குடிப் பூவோ தூய வெண்மை. இவை ஜம்பேரி என்னும் காட்டெலுமிச்சையின் குறிகள். சாத்துக்குடி ஒட்டுவதற்கு அடிக்கன்றாகப் பலவிடத்தும் வளர்ப்பது அதனையே.

பின்னர் அடிமரத்து மண்ணை விலக்கினோம். ஒட்டுத் தழும்புக்கு மேல் பட்டுப்போன கட்டை. தழும்பின் கீழ்க் கிளம்பிய போத்தே மரமாகியிருந்தது. ஆகவே சீட்டு பொய்யன்று. தழும்பு புதைய ஆழ நட்டதும், அடிப்போத்தைக் கிள்ளாது விட்டதுமே பிழை.

இத்தகைய மரத்தை வெட்டவேண்டுவதில்லை; வேர் நல்ல வேரே. கிளைகளைக் குறைத்து, புதிதாய் எழும் போத்துக்களில் மூன்றை நிறுத்தி, அவை பென்சில் பருமனானதும், நோயற்றதும் காய்ப்பறிந்ததுமான சாத்துக்குடி மரத்தின் மொட்டுக்களை ஒட்டுக. கீழே துளிர்ப்பனவற்றை அவ்வப்போது கிள்ளுக. அதிகாரியின் மரத்தில் இவ்வாறே ஒட்டினோம். மூன்றில் இரண்டு பிடித்தன. துளிர் கிள்ளும் வேலையை அவர் இல்லத்து அம்மையார் ஏற்றுக்கொண்டுள்ளார்.