விசை நின்றாலும் திசை தவறலாகாது
பதுளைத் தோட்டங்களின் தேயிலை கடல் வழியாகவே உலகை அடைகிறது. நடுக்கடலில் கப்பலின் விசை நிற்பது மலையகத்துக்கும் அந்நியச் செய்தியன்று. 2024 மார்ச் 26இல் அமெரிக்காவின் பால்டிமோரிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட ‘டாலி’ கப்பல் மின்சாரம் இழந்து பாலத்தில் மோதியதில் ஆறு தொழிலாளர் பலியாகினர். மாலுமிகளின் அபாய அழைப்பால் வாகனங்கள் மறிக்கப்பட்டிராவிடில் இழப்புப் பெருகியிருக்கும்.

மாலுமியே இல்லாத படகு என்செய்யும்? இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு தளர்ந்தால் வண்டி அப்பக்கம் திரும்பும். இரு சுழலிகளுள் ஒன்று நின்ற படகும் அவ்வாறே. கணினி அதையுணர்ந்து, எஞ்சிய சுழலியின் வேகத்தைத் தணித்துச் சுக்கானை எதிர்ப்புறம் திருப்புகிறது. சுக்கான் பழுதானால், இரு சுழலிகளின் வேக வேறுபாடே திசை காக்கும். யாவும் ஓய்ந்தால் படகு அலையின் வசமே.

2022இல் அத்திலாந்திக்கைக் கடந்த ஆளில்லாப் படகான ‘மேபிளவர்’கூடப் பழுதினால் இடைவழியில் அசோர்ஸ் தீவுக்குத் திருப்பப்பட்டது. மாற்று விசையும் அபாய அறிவிப்பும் இன்றி இத்தகைய படகுகளைக் கடலில் விடலாகாது.