டிராக்டருக்கு பிரேக் உண்டு, டிரெய்லருக்கு?

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம், வத்தலகுண்டு, நத்தம் என எந்தச் சாலையில் சென்றாலும் வைக்கோலும் தேங்காயும் செங்கல்லும் ஏற்றிய டிராக்டர்களைக் காணலாம். அவற்றின் பின்னால் வரும் டிரெய்லர்களில் நான் குனிந்து பார்த்த பலவற்றில் பிரேக் என்பதே இல்லை. சக்கரம், அச்சு, பெட்டி, கொக்கி ஆகியவை மட்டுமே உண்டு. மோட்டார் வாகனச் சட்டம், 1988 டிரெய்லரையும் ஒரு வாகனமாகவே வரையறுக்கிறது. அதற்கெனத் தனிப் பதிவெண்ணும் உண்டு. ஆனால், தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் வசதி மட்டும் அந்த வாகனத்திற்கு இல்லை.

இது எவ்வளவு பெரிய குறை? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இயங்கும். இரண்டு டன் எடையுள்ள டிராக்டரின் பின்சக்கரங்கள்மீது சுமார் 1.3 டன் அழுந்துவதாகக் கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் தனியாகச் செல்லும்போது, உலர்ந்த தார்ச்சாலையில் பிரேக்கை அழுத்தினால் அது ஏறத்தாழ 9 மீட்டரில் நின்றுவிடும். அதே டிராக்டரின் பின்னால், சுமையோடு சேர்த்து 5 டன் எடையுள்ள டிரெய்லரை மாட்டினால் நிறுத்த வேண்டிய எடை 7 டன். நிறுத்தும் சக்கரங்களோ அதே இரண்டுதான். இருசக்கர டிரெய்லரின் முன்பாரம் கொக்கியில் இறங்கி டிராக்டரின் பின்சக்கரங்களை அழுத்துவதால் சற்று உதவி கிடைக்கும். ஆயினும் 20 மீட்டர் தேவைப்படும். நான்கு சக்கர டிரெய்லரில் அந்த உதவியும் இல்லை என்பதால் 30 மீட்டரைத் தாண்டிவிடும். 20 அடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அதற்கு 50 மீட்டரும் போதாது. ஓட்டுநர் சுதாரிக்க ஆகும் ஒரு விநாடியில் வண்டி கடக்கும் 8 மீட்டரை நான் இதில் சேர்க்கவில்லை. மழை பெய்த சாலை வேறு கதை.

தொலைவு மட்டுமே சிக்கல் அன்று. முன்னே டிராக்டர் நிற்க முயலும்போது பின்னேயிருந்து 5 டன் தள்ளுகிறது. வளைவில் அந்தத் தள்ளுதல் டிராக்டரின் பின்பகுதியைப் பக்கவாட்டில் ஒதுக்கி, வண்டியையே மடக்கிவிடும்.

இழுபடும் பாரத்தைத் தனியே நிறுத்த வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. தேரை வடம் பிடித்து இழுப்பவர்களால் அதை நிறுத்த முடியாது. அதற்கெனச் சக்கரத்தோடு நடந்து வருபவர்கள் கட்டை போடுவார்கள். ‘முட்டுக்கட்டை’ என்ற சொல்லை இன்று நாம் ஏனோ பழிச்சொல்லாகவே வழங்குகிறோம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக்கே பொருத்திக் கொடுத்தது.

மேலை நாடுகளில் படகையும் குதிரையையும் காரின் பின்னால் இழுத்துச் செல்பவர்களுக்கு இதில் ஐயம் எழ இடமில்லை. எடைதான் அளவுகோல். ஐரோப்பாவில் இத்தகைய டிரெய்லர் சுமையோடு 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம். அமெரிக்காவின் பல மாகாணங்களில் வரம்பு 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோ. அங்கு படகு டிரெய்லர்களில் பெரிதும் பயன்படும் முறை எளிமையானது: முன்வண்டி வேகம் குறைக்கும்போது டிரெய்லர் கொக்கியை நோக்கித் தள்ளும் விசையே அதன் பிரேக்கை இயக்கும். இழுக்கும் வண்டியிலிருந்து குழாயோ மின்கம்பியோ தேவையில்லை. பின்னோக்கி எடுக்கும்போது பிரேக் பிடித்துக்கொள்ளாதிருக்க ஒரு தடுப்பு வேண்டும், அவ்வளவே. எனினும், ஐரோப்பாவில் 3.5 டன்னுக்கு மேற்பட்டவற்றுக்கு இம்முறை போதாது. ஓட்டுநரே இயக்கும் பிரேக் வேண்டும். நம் டிரெய்லர்களில் பல சுமையேற்றியபின் அந்த வரம்பையும் தாண்டுபவை.

பிறகு ஏன் பொருத்துவதில்லை? பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. பிரேக்குக்கான செலவு முழுவதும் டிரெய்லர் வாங்குபவரைச் சேரும். அது இல்லாததால் வரும் இழப்பின் பெரும்பகுதியோ எதிரே இருசக்கர வாகனத்தில் வருபவரைச் சேரும். இவ்விருவரும் எந்தப் பட்டறையிலும் சந்தித்து விலை பேசுவதில்லை. இத்தகைய இடத்தில் சந்தை தானாகச் சரியான முடிவை எட்டாது, விதி வேண்டும்.

விவசாயிக்கு ஏற்கெனவே கட்டுப்படியாகவில்லை என்ற வாதம் நேர்மையானது. ஆனால் செங்கல்லும் மணலும் ஏற்றி வாடகைக்கு ஓடும் டிரெய்லருக்கு அது பொருந்தாது. வயலுக்கும் களத்துக்கும் இடையே மெல்ல நகர்ந்த காலத்து வழக்கத்தை, நான்குவழிச் சாலையில் 40 கி.மீ. வேகத்துக்கு நீட்டிப்பதும் தகாது. வேகம் இரட்டித்தால் நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும். வேளாண் இயந்திரங்களுக்கு அரசு மானியம் தருகிறது. அந்த மானியத்தில் டிரெய்லர் பிரேக்கையும் சேர்த்து, புதிதாகப் பதிவு செய்யப்படும் கனரக டிரெய்லர்களிலிருந்து கட்டாயத்தைக் கண்டிப்புடன் தொடங்கலாம். பழையவற்றுக்குச் சில ஆண்டுகள் அவகாசம் தரலாம்.

அதுவரை செலவில்லாமல் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. வயலில் திரும்புவதற்காக இடமும் வலமும் தனித்தனியே இருக்கும் டிராக்டரின் பிரேக் மிதிகளைச் சாலை ஏறுமுன் இணைத்துக் கொக்கி மாட்டிவிட வேண்டும். இல்லையேல் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திருகிக்கொள்ளும். சரிவில் இறங்கத் தொடங்குமுன்பே கீழ் கியருக்கு மாற்றிவிட வேண்டும். பாதிச் சரிவில் மாற்ற முயன்று நியூட்ரலில் சிக்கினால், 7 டன்னையும் அந்த இரண்டு சக்கரங்களே தாங்க வேண்டியிருக்கும்.