ஏறுதலும் இறங்குதலும்: போர்ப் பலகையாட்டத்தில் கவச வண்டி

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையின் சிற்றுருவமே சதுரங்கம். அப்பலகையில் ஒவ்வொரு காயும் தன் வழியே தனித்து இயங்கும். குதிரை காலாளைச் சுமப்பதில்லை; தேர் எவரையும் ஏற்றிச் சென்று இறக்குவதுமில்லை. சதுரங்கத்தின் வழித்தோன்றலாக ஐரோப்பாவில் வளர்ந்த போர்ப் பலகையாட்டங்களில்தான், காலப்போக்கில், ஒரு காய் மற்றொரு காயைச் சுமக்கும் முறை இடம்பெற்றது. சுமப்பது கவச வண்டி, சுமக்கப்படுவது காலாட்படை. இவ்விரண்டையும் இணைத்து நடத்தும் இடத்திலேதான் புதிதாக ஆடுவோர் பெரும்பாலும் இடறுகின்றனர்.

இவ்வாட்டங்களின் வரலாறு நீண்டது. பிரஷிய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர், நிலப்படம், பகடை, நடுவர் ஆகியவற்றைக் கொண்ட போர்ப் பயிற்சியாட்டம் ஒன்றை 1824-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அஃது அதிகாரிகளைப் பயிற்றும் கருவியாயிற்று. பொதுமக்கள் வீட்டில் ஆடும் வகையில் இவ்வாட்டங்கள் 20-ஆம் நூற்றாண்டில் பெருகின. அவற்றுள் 1970-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் டன்னிகன் வடிவமைத்த ‘பான்சர் பிளிட்ஸ்’ குறிப்பிடத்தக்கது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரும் ரஷியரும் பொருத களமே அதன் பொருள். நிலப்படத்தின் அறுகோணக் கட்டம் ஒன்று 250 மீட்டரைக் குறிக்கும். ஆட்டத்தின் ஒரு முறை 6 நிமிடத்தைக் குறிக்கும்.

கவச வண்டி என்பது டாங்கி அன்று. இவ்வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். டாங்கி, பகைவர் பீரங்கியை எதிர்த்து நின்று பொருவதற்கு ஆக்கப்பட்டது. படைவீரரை ஏற்றிச் செல்லும் கவச வண்டியோ, துப்பாக்கிக் குண்டையும் வெடிகுண்டுச் சிதறலையும் தடுக்கும் அளவுக்கே கவசம் உடையது. எடுத்துக்காட்டாக, 1960-இல் அமெரிக்கப் படையில் சேர்க்கப்பட்ட எம்-113 வண்டியின் உடல் அலுமினியத்தால் ஆனது. இயக்குவோர் இருவரும் காலாட்படையினர் 11 பேரும் அதில் ஏறலாம். டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் குண்டு பட்டால் அக்கவசம் தாங்காது.

இனி, ஏறுவதால் வரும் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பான்சர் பிளிட்ஸ் ஆட்டத்தில் காலாட்படை ஒரு முறைக்கு ஒரு கட்டமே நகரும். 1,500 மீட்டருக்கு அப்பால் ஓர் ஊர் இருக்குமாயின், அதனை அடைய 6 முறைகள், அதாவது 36 நிமிடங்கள் ஆகும். அவ்வளவு நேரமும் வெட்டவெளியில் பகைவரின் சூட்டுக்கு இலக்காக நேரும். வண்டியில் ஏறியவரோ தடையற்ற நிலத்தில் அதே தொலைவை ஒரே முறையில் கடந்துவிடுவர்.

இப்பயனுக்கு விலையும் உண்டு. வண்டி அழிந்தால் உள்ளிருக்கும் காலாட்படையும் உடன் அழியும் என்பது அவ்வாட்டத்தின் விதி. வேறு சில ஆட்டங்களில் உயிர் தப்புவோர் எத்தனை பேர் எனப் பகடை உருட்டிக் காண்பர். ஏறவும் இறங்கவும் நேரம் செலவாகும் என்பதும் பொது விதியாகும். ஆதலின், ‘எங்கே இறங்குவது?’ என்பதே ஆடுவோர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா.

இதற்கு மூன்று விடைகள் உண்டு. முதலாவது, இலக்குக்கு முன்னரே, மேட்டின் மறைவிலோ மரத்தோப்பின் பின்னாலோ இறங்குதல். பகைவரிடம் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி உண்டு, அஃது இன்னும் அடக்கப்படவில்லை என்றால் இதுவே தக்கது. இரண்டாவது, இலக்கின் மேலேயே இறங்குதல். பகைவர் பீரங்கிச் சூட்டால் நிலைகுலைந்திருக்கும்போது மட்டுமே இது பலிக்கும். மூன்றாவது, இலக்கைக் கடந்து சென்று பின்புறத்தில் இறங்குதல். பகைவரின் அணி மெலிந்திருக்கும்போது அல்லது அவர் கண்ணுக்கு வண்டி தென்படாதபோது இதனை மேற்கொள்வர்.

மூன்றாவது முறையை ஒத்த நிகழ்ச்சி ஒன்று 1944-இல் நடந்தது. நார்மண்டியில் கான் நகருக்குத் தெற்கே ஜெர்மானியரின் அணி வலுவாக இருந்தது. கனடியத் தளபதி கை சைமண்ட்ஸ், தானியங்கு பீரங்கி வண்டிகளிலிருந்து பீரங்கிகளை அகற்றச் செய்து, அவற்றில் காலாட்படையை ஏற்றினார். அவ்வண்டிகளுக்குக் ‘கங்காரு’ என்னும் பெயர் வழங்கிற்று. ஆகஸ்டு 7-ஆம் நாள் இரவு, அவை டாங்கிகளுடன் நெருக்கமான அணிகளாக முன்னணியைத் துளைத்துச் சென்றன. வீரர்கள் உள்ளே இருந்த இலக்குகளின் அருகே சென்று இறங்கினர். பின்தங்கிய ஊர்களைக் கைப்பற்றும் பணி நடந்து வந்த காலாட்படையினருக்கு விடப்பட்டது. பகைவரின் பீரங்கிக் கண்களை மறைக்க இருள் துணை நின்றது.

இதற்கு மாறான நிகழ்ச்சி 1963 ஜனவரி 2-ஆம் நாள் வியட்நாமின் மேக்கோங் கழிமுகத்தில், ஆப் பாக் என்னும் ஊரருகே நடந்தது. தென்வியட்நாம் படையின் எம்-113 வண்டிகள் நெல்வயல் வழியே, மரவரிசையில் குழி தோண்டி மறைந்திருந்த வியட்காங் வீரரை நோக்கிச் சென்றன. கால்வாய்கள் தடுத்தமையால் அவை ஒருங்கே வந்து சேரவில்லை. ஒன்றும் இரண்டுமாகவே தாக்கின. வயலின் வெட்டவெளியில் இறங்கிய காலாட்படையினர் சூடு தாங்காமல் பின்வாங்கினர். வண்டியின் மேலே இயந்திரத் துப்பாக்கியை இயக்கியவர்களுக்கு இடுப்புக்கு மேல் எவ்விதக் காப்பும் இல்லை. அவ்வாறு நின்றவர்களுள் 14 பேர் அன்று உயிரிழந்தனர். அதன் பின்னரே அத்துப்பாக்கியைச் சுற்றிக் கவசத் தகடு பொருத்தும் வழக்கம் பரவிற்று.

இந்நிகழ்ச்சியை ஆட்டப் பலகையில் மீண்டும் நடத்துவோர்க்கு இரண்டு உண்மைகள் புலனாகும். வண்டிகளைச் சிறுசிறு கூறாக அனுப்பினால் பகைவர் ஒவ்வொன்றையும் தனித்தனியே சுடுவார். இறங்கும் இடத்தில் மறைவு இல்லையேல் கவசத்தால் அடைந்த பயன் அவ்விடத்திலேயே இழக்கப்படும்.

காலாட்படை இறங்கிய பின்னும் வண்டிக்கு வேலை உண்டு. அது மறைவிடத்தில் நின்று, பக்கவாட்டிலிருந்து தன் இயந்திரத் துப்பாக்கியால் காலாட்படைக்குத் துணை செய்ய வேண்டும். இலக்கு கைவசமானதும் வீரரை மீண்டும் ஏற்றிச் செல்ல வேண்டுமாதலின், அதனை வீணே இழத்தல் கூடாது. சோவியத் நாடு 1967-இல் மாஸ்கோ அணிவகுப்பில் வெளிக்காட்டிய பி.எம்.பி. போன்ற வண்டிகள் 73 மில்லிமீட்டர் பீரங்கியும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணையும் தாங்கியவை. அவற்றைக் கண்டு டாங்கி என மயங்கி முன்னணியில் நிறுத்துவோர், உள்ளிருக்கும் 8 வீரரையும் சேர்த்தே இழப்பர்.

பலகையில் நகர்வது ஓர் அட்டைத் துண்டே. அது பெட்டிக்குத் திரும்பி, அடுத்த ஆட்டத்தில் மீண்டும் எழும். ஆப் பாக் வயலில் வீழ்ந்தோர் எழவில்லை. காயை நகர்த்தும் முன் அதனுள் இருப்போர் எத்தனை பேர், அவர் எங்கே இறங்குவர் என எண்ணிப் பார்க்கும் பழக்கத்தை இவ்வாட்டம் ஊட்டுமாயின், அது வெறும் பொழுதுபோக்கு அன்று. பொறுப்புணர்வைக் கற்பிக்கும் பாடமும் ஆகும்.